பேசாத தாய்

காரைக்கால்
3.9.2024

அன்பு மருமகள் சுஹைனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன்னையும் வயிற்றுப் பிள்ளையையும் அல்லாஹ் காப்பான்.

மாமி ஏன் போனில் வருவதில்லை என்று கேட்டாயாம். எப்படி வருவேன்? ஜெர்மன்காரர்கள் மாமியாரை ‘ஷ்வீகர்முட்டர்’ என்பார்களாம், ‘பேசாத தாய்’ என்று அர்த்தமாம், வகுப்பில் கேட்டுவிட்டு வந்து நீ விழுந்து விழுந்து சிரித்தாயாம். அஸ்ஃபாக் என்னிடமே சொல்லிச் சிரிக்கிறான், நான் பெற்ற பிள்ளை. வாயைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டிய ஊரில் எனக்கென்ன வேலை? விசா வந்தால் வந்தது. பேறுகாலத்துக்கு நான் வருவதாக இல்லை.

பேசத்தானே கூடாது, அதனால் எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடு.

மாமி
சித்திக்கா

ஸ்டுட்கார்ட்
17.9.2024

என் மாமிக்கு,

வஅலைக்கும் ஸலாம். சிரித்தது நிஜம்தான். நீங்கள் பேசாமல் இருப்பதை நினைத்துப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

ஆனால் வகுப்பில் ஒரு பையன் சொன்னது அது. மறுநாள் டீச்சரிடமே கேட்டேன். ‘ஷ்வைகன்’ என்றால் பேசாமல் இருப்பது. ஓசை ஒத்துப்போகிறதே தவிர உறவு கிடையாதாம். ‘ஷ்வீகர்’ என்ற பழைய சொல்லுக்கே மாமியார் என்றுதான் பொருள். பின்னால் அது தனியாக நின்றால் ஜனங்களுக்குப் புரியவில்லை என்று ‘முட்டர்’, அதாவது உம்மா, என்பதையும் ஒட்டிவிட்டார்கள். நாம் ‘நடுசென்டர்’ என்கிறோமே, அந்தக் கதைதான். மாமனாருக்கு முன்பு வேறு சொல் இருந்ததாம். அது போய், இப்போது உங்கள் சொல்லின் வாலில் அப்பாவை ஒட்டித்தான் அவரையும் கூப்பிடுகிறார்கள்.

ஆக, உங்கள் பெயர் மாமியும்மா. என் உம்மா மவுத்தாகி நாலு வருஷம் ஆகிறது. வலி எடுத்தால் எனக்கு ஜெர்மன் வராது, மாமி. பயமாக இருக்கிறது. திட்டுவதற்காவது வாங்க.

சுஹைனா

காரைக்கால்
1.10.2024

மகளே சுஹைனா,

உன் கடிதத்தை மாமாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். வாலில் அப்பாவை ஒட்டிய இடம் வந்ததும் “இந்த வூட்ல என்னைக்குமே அப்படித்தானே” என்றவர், திரும்பவும் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். பேசாத தகப்பனுக்கு அங்கே சொல் இருந்தால் கேட்டு வை.

டிக்கெட் போட்டாயிற்று. பேறுகால மருந்து இடித்துவிட்டேன். இறால் வாடா கெட்டுப்போகுமாம், அங்கு வந்தே சுட்டுத் தருகிறேன். ஏர்போர்ட்டில் அஸ்ஃபாக் நிற்கட்டும். அவனோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஒரு மாதப் பேச்சு பாக்கி கிடக்கிறது, அத்தனையும் உனக்கு.

பயப்படாதே.

உன் உம்மா
சித்திக்கா