பச்சை விளக்கும் கோணல் எழுத்தும்

நான்காம் வருடம், நாள் 212. காலை 6:10. தண்ணீர் அறை.
இதைக் கண்டெடுத்துப் படிப்பவர் என் கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அறுபத்தெட்டு வயதில் எழுதக் கற்றேன். ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆகிறது. நிலவின் தென்முனைச் சுரங்கத்தில் பனிக்கட்டியை உருக்கி, வடிகட்டி, நாற்பது பேருக்குக் குடிநீர் அனுப்புவது என் வேலை. இன்று 160 லிட்டர். மீட்டரில் பச்சை விளக்கு. என் பெயரை நானே எழுதுகிறேன், பாருங்கள்: பேச்சிமுத்து. ஆசை தீரவில்லை. இன்னொரு தடவை: பேச்சிமுத்து.

நாள் 219. மாலை 4:00.
160 லிட்டர். பச்சை விளக்கு. எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த டாக்டர் வஹிதா, கேமராவில் என் பக்கத்தைப் பார்த்துவிட்டு இன்டர்காமில் கூப்பிட்டார்.
"ஐயா, பழகப் பழக எழுத்து திருந்தணும். உங்களுக்கு வாரா வாரம் மோசமாகுதே! கையை நீட்டுங்க."
நீட்டினேன். நடுங்கியது.
"என் கையும் அப்படித்தான் இருக்கு" என்றார்.
யோசித்தால், சாப்பாட்டுக் கூடத்தில் இப்போது டீ சிந்தாதவரே இல்லை.

நாள் 220. காலை 9:30.
வஹிதா சோதித்துப் பார்த்துவிட்டார்: எல்லோர் ரத்தத்திலும் பாதரசம். இந்தப் பள்ளத்துப் பனியில் அது உண்டு. வடிகட்டிதான் பிடிக்க வேண்டும். பச்சை விளக்கு உப்பையும் கிருமியையும் மட்டுமே சோதிக்கும் என்று அதன் அடியிலேயே எழுதியிருக்கிறது. நான்கு வருடமாக அந்த எழுத்தைத் துணியால் துடைத்திருக்கிறேன். இன்றுதான் படித்தேன்.
பிறகு பதிவேட்டைத் திறந்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, "புது வடிகட்டி மாற்றப்பட்டது." ஒவ்வொன்றின் கீழும் என் கட்டைவிரல் ரேகை. பூமியிலிருந்து கட்டளை தரும் துரைராஜ் சார் வைக்கச் சொல்வார், வைப்பேன். ஒரு வடிகட்டிகூட மாற்றவில்லை. மாற்றியிருந்தால் நான்தானே மாற்றியிருப்பேன்?

நாள் 220. காலை 11:05.
வால்வை மூடினேன். கைப்பிடியைக் கழற்றி மடியில் வைத்திருக்கிறேன். இயந்திரங்களைக் குளிர்விக்கப் பூமியிலிருந்து வந்த தண்ணீர் இருக்கிறது. அடுத்த கப்பல் வரும்வரை நாற்பது பேருக்கும் போதும். சுரங்கம் நிற்கும்.
துரைராஜ்: "என்ன பெரியவரே, நாலு எழுத்து படிச்சதும் கலெக்டர் ஆயிட்டீங்களா? வால்வைத் திறங்க."
நான்: "படிக்காம ரேகை வச்சது போதும் சார். நல்ல தண்ணியை மிசின் குடிக்குது, விஷத்தை மனுசன் குடிக்கான். மிசின் நிக்கட்டும்."

நாள் 221. மதியம் 2:40.
துரைராஜ் பூமியிலிருந்தே நான் இருக்கும் தண்ணீர் அறைக் கதவைப் பூட்டி, ஹீட்டரை நிறுத்திவிட்டார். "குளிர் தாங்காம நீங்களே வால்வைத் திறப்பீங்க" என்கிறார். பேனா மை உறைந்துவிட்டது. பென்சில் இருக்கிறது.
வஹிதா: "ஐயா, எல்லாருக்கும் பூமித் தண்ணி கொடுத்துட்டோம். கதவை அறுத்துக்கிட்டு இருக்காங்க. தூங்கிடாதீங்க, எழுதிக்கிட்டே இருங்க!"
எழுதுகிறேன். கைப்பிடி என்னிடம்தான் இருக்கிறது. சுத்தமான தண்ணீர் குடித்தால் சில மாதங்களில் நடுக்கம் குறையுமாம். வாரம் ஒரு பக்கம் எழுதுவேன். படிப்பவரே, விளக்கை நம்பாதீர்கள், என் எழுத்தைப் பாருங்கள். நேராகிக்கொண்டே வந்தால் தைரியமாகக் குடியுங்கள். அடுத்த வாரப் பக்கம் இதைவிட நேராக இருக்கும்.
இது ரேகை அல்ல, கையெழுத்து:
பேச்சிமு