பாஸ்கரனின் பெயரும் நான் சொல்லாமல் விட்டதும்

டுசல்டோர்ஃப்
14.10.2006

அன்பு மகன் மதிசுதனுக்கு,

நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம், ரொறன்ரோவில் நீயும் மருமகளும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் நோ குறைந்திருக்கிறது, எனக்குப் பிரஷர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். மற்றவர்கள் சொல்லி நீ அறிவதற்கு முன் நானே சொல்ல வேண்டும்.

பாஸ்கரன் மாமா ஈரல் நோயில் போய் ஒரு வருடமாகிறது. அவருடைய பேஸ்போல் கழகம் மைதானத்துக்கு அவர் பெயரை வைக்கத் தீர்மானித்து, கலாதேவி மாமியின் சம்மதத்துக்காகச் சென்ற சனிக்கிழமை கூட்டம் வைத்தது. யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் பந்து வீசிய கையோடு வந்தவர், பன்னிரண்டு வருடம் அவர் எறிந்த பந்தை இங்கே ஒழுங்காக அடிக்க ஆளில்லை. அவரிடம் பழகிய உனக்கு அது தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. 1991இல் ஒரு நாள் மாமி தலையில் காயத்தோடு பொலிஸ் நிலையத்தில் இருந்தார், மொழி தெரிந்தவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். மாமாதான் தன்னைப் பிடித்துத் தலையைக் கதவில் மோதியதாகவும் அது முதல் தடவையல்ல என்றும் மாமி சொன்னார். மறுநாள் இறுதிப் போட்டி, அகதியாக ஏற்கும்படி அவர்கள் கொடுத்த அசூல் விண்ணப்பமும் முடியாமல் கிடந்தது, குடும்பம் சிதறிவிடும் என்று பயந்தேன். படியில் வழுக்கி விழுந்ததாக ஜெர்மனில் சொன்னேன். பொலிஸ்காரர் எழுதிக்கொண்டார். மறுநாள் மாமா வென்றார், அவரைத் தோளில் தூக்கியவர்களில் நீயும் ஒருவன். மாமிக்கு இடது காது இன்றுவரை கேட்பதில்லை.

மாமிக்கு இப்போது ஓரளவு ஜெர்மன் வரும், இருந்தும் கூட்டத்துக்கு என்னைத்தான் கூட்டிப் போனார். ட்ராமில், "அண்ணை, அண்டைக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள் எண்டு எனக்கு அப்பவே விளங்கினது. இண்டைக்கு நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லுங்கோ" என்றார். கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னார். பிள்ளைகளுக்கு அவர் நல்லவர்தான், ஆனால் மைதான வாசலில் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டு தினமும் வேலைக்குப் போக ஏலாது என்றார். நான் ஒன்றும் விடாமல் ஜெர்மனில் சொன்னேன். அப்படியானால் அன்றே பொலிஸிடம் ஏன் சொல்லவில்லை என்று தலைவர் கேட்டார். கேள்வியைத் தமிழில் சொன்னேன். மாமி என்னைப் பார்த்தார். மாமி அன்றே சொன்னார், அதைப் பொலிஸிடம் சொல்லாமல் விட்டவன் நான்தான் என்று ஜெர்மனில் சொன்னேன்.

பெயர் வைப்பதை நிறுத்திவிட்டார்கள். "பதினைஞ்சு வருசம் பூட்டின வாயை இன்னும் கொஞ்சம் பூட்டியிருக்கலாமே, மாஸ்டர்" என்று மாமாவின் கூட்டாளி அசோகன் தமிழ்க் கடை வாசலில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். அம்மா என்னோடு அதிகம் பேசுவதில்லை, தனக்குக்கூட மறைத்தேன் என்பதுதான் அவளுக்குக் கோபம். நான் இப்போதாவது சரியாக நடந்தேனா, அல்லது பயந்தவன் பிந்திச் செய்த இன்னொரு பிழையா, எனக்குத் தெரியவில்லை. கால் முறிந்து கிடந்த உன்னை மாமா மாலைதோறும் மைதானத்துக்குத் தூக்கிப் போனதும் உண்மை, அதை நான் இல்லையென்று சொல்லவில்லை.

எல்லா நலமும் உனக்குக் கிடைக்க வேண்டும், கோபமிருந்தால் கோபமாகவே எழுது. மாமிக்கும் ஒரு கடிதம் போடு. என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்காதே, அவர் விடயத்தில் என் சொற்களை நம்ப வேண்டாம்.

உன் அப்பா,
ஆனந்தராசா