நாடா மாற்றும் இடம்

பெங்களூர்
12.6.2002

அன்புள்ள அக்கா,

நலம்தானே? மாமாவின் கால்வலி தேவலையா?

எங்கள் குழுவின் புது ஆல்பத்தைக் கேசட்டில் பதிந்து அனுப்பியிருக்கிறேன். பயப்படாதே. ஹெவி மெட்டல்தான், ஆனால் இந்த முறை கத்தல் குறைவு, மெட்டு அதிகம். எட்டாவது பாட்டை மட்டும் கவனமாகக் கேள். டிரம்ஸ் அடிக்கிற வேலூர்க்காரன் ஜெயச்சந்திரனுக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் பாட்டுகளில் தாளம் ஐந்து, ஏழு என்று மாறிக்கொண்டே போகும். இது நான்கு நான்காக நேரே நடக்கிறதாம். "தாலாட்டு மாதிரி கீதுடா, தூக்கிடலாம்" என்கிறான். எனக்கு மனசே இல்லை. மாதக் கடைசிக்குள் முடிவு செய்ய வேண்டும்.

உன் தம்பி,
தமிழ்வாணன்

ஆரணி
18.6.2002

தம்பி தமிழுக்கு,

மாமா நடக்கிறார், திட்டுகிறார், சௌக்கியம்தான். முதல் பாட்டு ஓடியதும் தறியில் ஏதோ உடைந்துவிட்டதென்று ஓடி வந்தார். "இன்னா இது, மிக்ஸில கல்லு போட்டு ஆட்டிகினு கீறானா?" என்றார். மூன்றாவது பாட்டுக்குத் தலையை ஆட்டினார். உன்னிடம் சொல்லக்கூடாதாம்.

எட்டாவதைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. அடேய் திருடா, அது நான் தறியில் முணுமுணுப்பதல்லவா? பொங்கலுக்கு வந்தபோது அடுத்த அறையில் தூங்குகிறாய் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேனா?

எடுத்ததையும் ஒழுங்காக எடுக்கவில்லை. நாலு எண்ணிக்கை முணுமுணுப்பேன். பிறகு மூன்று எண்ணிக்கை வாய் மூடியிருக்கும். அப்போதுதான் புடவையின் உடலுக்கு நூல் ஓட்டும் நாடாவை வைத்துவிட்டு, கரை நாடாவை எடுத்துக் கோர்ப்பேன். கவனம் பிசகினால் கரை பிரிந்துவிடும். அந்த மூன்றை நீ தின்றுவிட்டாய்.

அக்கா,
தெய்வநாயகி

பெங்களூர்
25.6.2002

அன்பு அக்கா,

மன்னித்துவிடு. கேட்டால் வெட்கப்பட்டு முணுமுணுப்பதையே நிறுத்திவிடுவாயோ என்று பயந்தேன். அந்த இடத்தில் உனக்கு மெட்டு மறந்துபோகிறது என்று நினைத்து, கிட்டாரை நுழைத்து அதையும் நான்காக்கி மூடிவிட்டேன். தறி வீட்டில் பிறந்தவனுக்கு இது தெரியவில்லை பார்!

நேற்று கிட்டாரை எடுத்துவிட்டு வாசித்தோம். ஜெயச்சந்திரன் விரல்விட்டு எண்ணினான். "நாலும் மூணும்... டேய், ஏழுடா!" என்று கத்தினான். அந்த மூன்றில் மட்டும் அவன் குச்சி எதையும் தொடவில்லை. பாட்டை இனி யாரும் தூக்கப் போவதில்லை. எனக்கு ரொம்ப சந்தோஷம் அக்கா. உறையில் 'மெட்டு: தெய்வநாயகி, ஆரணி' என்று போடுகிறோம். வேண்டாம் என்று எழுதிவிடாதே.

தமிழ்

ஆரணி
9.9.2002

தமிழுக்கு,

கேசட் வந்தது. உறையில் என் பெயரைப் பார்த்து அழுதுவிட்டேன், மறைப்பானேன்.

எட்டாவது பாட்டைப் போட்டுக்கொண்டு நெய்தேன். பாட்டு வாய் மூடுகிற இடத்தில் என் கை சரியாக நாடா மாற்றியது. அந்த மூன்று எண்ணிக்கையும் வீட்டில் நாடாவை வைத்து எடுக்கிற தறிச் சத்தம் மட்டும்தான்.

மாமா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மெட்டு உன்னுது, சரி. அந்த மூணுக்கும் வாசிக்கிறது நம்ம தறியாச்சே, அதும் பேரு எங்க போட்டுகிறான்?" என்று கேட்கிறார்.

என்ன பதில் சொல்லட்டும்?

அக்கா,
தெய்வநாயகி