நாகப்பன் பேர் ஒட்டிய ஜாடிகள்

6 பிப்ரவரி 1956, திங்கள். பழவேற்காடு

வடகாற்று. இதமான வெயில். ஏரியில் அலையே இல்லை. காலை முழுவதும் பெட்டி கட்டும் வேலை, பாதிகூட ஆகவில்லை.

பல்கலைக்கழகம் கொடுத்த ஒரு வருஷம் இந்த மாதத்தோடு சரி. 29-க்குள் அறிக்கை. அதைப் படித்துவிட்டுத்தான் இரண்டாம் வருஷம் உண்டா என்று கமிட்டி முடிவு செய்யும். உண்டு என்றால் இதே மாடி, இதே ஜன்னல், இதே இறால். இல்லை என்றால் ஜூனிலிருந்து கல்லூரி, கரும்பலகை, தவளை அறுக்கப் பயப்படும் முதல் வருஷப் பையன்கள். போகப் பிடிக்கவில்லை. எழுதியே வைக்கிறேன், பிடிக்கவில்லை.

திருப்பித் தர வேண்டியவை:
மைக்ராஸ்கோப் 1 (சாவி போயிற்று, கயிறு கட்டியிருக்கிறது)
ஜாடிகள், உடைந்தவை போக
கைவலை 2, ஒன்று எலி கடித்தது
நூலகப் புத்தகம் 3
ஸ்பிரிட் பர்மிட் (இறால் ஊறவைக்கும் ஸ்பிரிட்டுக்கு), பொன்னேரி தாலுகா ஆபீசில்

பர்மிட் என்றதும் போன வருஷச் சிரிப்பு. வந்த இரண்டாம் வாரம். மாடியில் சாராய நெடி என்று யாரோ எழுதிப் போட, மதுவிலக்குக் கான்ஸ்டபிள் ஒருவர் விறைப்பாக ஏறி வந்தார். பர்மிட்டை நீட்டினேன். நம்பாமல் ஒரு ஜாடியைத் திறந்து மூக்கை விட்டார். உள்ளே எட்டு இறால், அவரையே பார்த்துக்கொண்டு. கீழே இறங்கினவர் வெகுநேரம் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் காதர் பாய் மூன்று நாள் சிரித்தார். கருவாட்டு வியாபாரம் அவருக்கு. இதைக் கடைத்தெரு முழுக்கச் சொல்லி ஆயிற்று.

நூலகப் புத்தகம் ஒன்றின் பின்னட்டையில் தேதிச் சீட்டு. எனக்கு முன்னால் எடுத்தவர் ஒருவர்தான், இருபத்திரண்டு வருஷத்துக்கு முன். நம் புரொபசர். அப்போது அவரும் இதே போல ஒரு வருஷம் வாங்கிக்கொண்டு எங்கோ ஒரு கழிமுகத்தில் உட்கார்ந்திருப்பார், தலை நிறைய முடியோடு. எனக்காகக் கமிட்டியில் பேசியவரும் அவரே. அந்தச் சீட்டைக் கிழித்து வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் புத்தி போயிற்று. கிழிக்கவில்லை.

8 பிப்ரவரி, புதன்

பனி. தொண்டைக் கரகரப்பு. இன்று எழுதவே கை வரவில்லை, எழுதாமலும் முடியவில்லை.

ஜாடிகளைக் கீழே இறக்க நாகப்பன் வந்தான். ஆறு படகுக்காரர்களில் முதல்வன், என்னோடு முதலில் பேசியவன். வாரம் ஒரு நாள், ஆறு பேரிடமும் ஒவ்வொரு ஜாடி இறால். அளந்து, எடை பார்த்து, பிடித்தவன் பேரும் தேதியும் ஒட்டி வைப்பேன். கடலிலிருந்து குஞ்சாக ஏரிக்குள் வருவது எந்த இடத்தில் வளர்கிறது, எங்கிருந்து திரும்பிப் போகிறது என்பதுதான் என் கேள்வி. ஆறு பேர், ஆறு இடம். நாகப்பன் என்றால் முகத்துவாரம். ஏழுமலை என்றால் வடகோடி. முதல் வாரம் கேட்டு எழுதிக்கொண்டது.

நாகப்பன் ஒரு ஜாடியைத் தூக்கிப் பார்த்தான். “இதான எம்பேரு?”

“ஆமாம். முகத்துவாரத்து இறால்.”

“இது இன்னா மாசம் சாமி?”

“ஆடி.”

“ஆடில தெனமும் நான் முகத்துவாரத்துலயா கீறேன்? இன்னிக்கு வலை வுட்டது வடக்கால. நாளைக்கு அதுக்கு அடுத்த எடம். பாடு சுத்திக்கினே வரும் சாமி. ஒருத்தனே நல்ல எடத்துல குந்திக்கினா மத்தவன் புள்ள குட்டி இன்னா துன்னும்?”

பாடு என்பது இன்று யார் எங்கே வலை விடுவது என்கிற முறை. ஆறு இடமும் ஆறு படகுக்கும் நாளுக்கு ஒன்றாக மாறி மாறி வருமாம். அப்படியானால் பேரை வைத்து நான் எழுதிய இடமெல்லாம் தப்பு.

“இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?”

“நீ கேக்கல. எம்பேரை எய்தி எய்தி ஒட்டிக்கினு இருந்த. பட்டணத்துக்குப் போவுதேன்னு எனக்கும் பெருமையாத்தான் இருந்திச்சு.”

அவன்மேல் என்ன தப்பு? முதல் வாரம் ஒரு நாள் படகில் போனேன். வாந்தி. அதன்பிறகு கரையோடு சரி. ஆசாரம் என்று ஊராரிடம் சொல்லிக்கொண்டேன், நிஜம் வாந்திதான். ஒரே ஒரு வாரம் சேர்ந்தாற்போலப் படகில் போயிருந்தால் தெரிந்திருக்கும்.

இன்னொன்று. இதுதான் வெட்கக்கேடு. நான் யார்? திருவள்ளூரில் பெருமாள் கைங்கரியம் செய்கிற வீட்டுப் பிள்ளை. எங்கள் வீட்டில் முறை என்ற சொல்லைக் கேட்காமல் ஒரு நாள் விடிந்ததில்லை. இன்று யார் முறை, நாளை யார் முறை, தளிகை சமைப்பது யார், சாவி யாரிடம். எங்கள் முறை வருகிற நாட்களில் விடியுமுன்னே ஈர வேஷ்டியும் கற்பூர வாசனையுமாக அப்பா புறப்படுவது இப்போதும் கண்ணில் இருக்கிறது. அன்று மட்டும் பள்ளிக்கூடத்துக்குக் கட்டித் தருவது புளியோதரை. முறை தெரிந்த சாதியில் பிறந்தவனுக்கு, பசிக்கிறவன் வீட்டிலும் முறை இருக்கும் என்று தோன்றவில்லை. எம்.ஏ. வேறு.

9 பிப்ரவரி, வியாழன்

தலைவலி. காபிப்பொடி தீர்ந்தது. பொன்னேரிக்கு யார் போகிறார்களோ அவர்களிடம் சொல்ல வேண்டும்.

கமிட்டியில் யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது. ஜாடியில் பேர் இருக்கிறது, தேதி இருக்கிறது, அளவு இருக்கிறது. அட்டவணை அழகாக வரும். படகுக்காரர்கள் பட்டணம் வந்து சாட்சி சொல்லப் போவதில்லை. இரண்டாம் வருஷம் கிடைத்துவிட்டால் எல்லாவற்றையும் ஒழுங்காக மறுபடி செய்துவிடலாம். காலையிலிருந்து மனசு இதையே அரைத்துக்கொண்டிருந்தது.

மாலை காதர் பாய் மாடிக்கு வந்தார். வழக்கம்போல வீட்டிலிருந்து எலுமிச்சம்பழம். சமைத்தது எதுவும் தரமாட்டார்கள், என் ஆசாரத்துக்கு அந்த வீட்டில் அவ்வளவு மரியாதை. இந்த வருஷம் நான் தின்ற எலுமிச்சம்பழம் ஒரு தோப்பு இருக்கும். விஷயத்தைச் சொன்னேன்.

“இதுக்கா சார் பேஜாரு? மூட்டையில நாலு கருவாடு அயுகிப் போச்சுன்னு வையுங்க. நான் மேலேயே வெச்சுத்தான் அனுப்புவேன். வாங்கறவன் தெறந்ததும் பாக்கட்டும், திட்டட்டும். அடியில வெச்சு அனுப்பினா அடுத்த தபா எம் மூட்டைய எவன் சார் தொடுவான்?”

“திட்டிவிட்டு இந்த மூட்டையையே வேண்டாம் என்றால்?”

“அப்பிடியும் சொல்லுவான்” என்றார். பொய் ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷர். அவர் இறங்கிப் போன பிறகு எலுமிச்சையைக் கையில் வைத்துக்கொண்டு அழுகையாக வந்தது. இந்த மாடி போய்விடும்.

நாகப்பனைப் பிடித்து மறுபடி கேட்டதில்: ஆறு படகின் வரிசை மாறுவதே இல்லை. அமாவாசையன்று வலை கிடையாது, அன்று பாடும் நகராது. ஆகவே இன்று யார் எங்கே என்று தெரிந்தால் பின்னோக்கி எண்ணிக்கொண்டே போகலாம்! ஒரே சிக்கல்: ஐப்பசி அடைமழையில் பல நாள் வலை இல்லை, அதோடு குப்பத்துப் பெரியவர் ஒருவர் இறந்து எல்லாப் படகும் நின்றது. மறுபடி தொடங்கியபோது விட்ட இடத்திலிருந்தா, அடுத்தவனிலிருந்தா? நாகப்பன் ஒன்று சொல்கிறான், ஏழுமலை வேறு. குப்பத்துத் தலைவருக்குத்தான் நிச்சயம் தெரியுமாம். அவர் எளாவூரில் மகள் வீட்டில். மாசி கழித்துத்தான் வருவாராம்.

11 பிப்ரவரி, சனி. திருவள்ளூர்

தை அமாவாசை. ரயிலில் நிற்க இடமில்லை. கோயில் குளத்தைச் சுற்றி, வேண்டுதலுக்கு வெல்லம் கரைக்கிற கூட்டம். சித்தப்பா முறை இன்று, அப்பா வீட்டில். கூட்ட நாளில் வேலை இல்லாமல் உட்காருவது அவருக்குப் பிடிக்காத காரியம், அதனால் காலையிலேயே கோபம்.

எனக்குப் பஞ்சாங்கம் வேண்டியிருந்தது. இந்த வருஷத்து மன்மதவும், போன வருஷத்து ஜயவும். அப்பா எதையும் எறிபவரில்லை. எடுத்துக் கொடுத்துவிட்டு, “எதுக்கு?” என்றார்.

நான் என்ன படிக்கிறேன் என்று இந்த வருஷம் முழுவதும் அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. யாராவது விசாரித்தால் “ஏதோ ஜலஜந்து” என்பார். சொன்னேன். ஆறு படகு, ஆறு இடம், நாளுக்கு ஒரு நகர்த்தல். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“அமாவாசைக்கு நகராதா?”

“நகராது.”

“தீட்டு வந்தா?”

“அந்தப் படகு மட்டும் நிற்கும். மற்றது ஓடும்.”

“நம்மாத்துலயும் அதானே. உனக்கு இதுகூடக் கேக்கத் தோணலையா?” கண்ணாடியைத் தேடினார். “காகிதம் கொண்டா.”

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. விரல் கணுவிலேயே ஆறு ஆறாக எண்ணிக்கொண்டு, பஞ்சாங்கத்தில் அமாவாசையைத் தாண்டித் தாண்டிப் பின்னால் போனார். “தைப்பூசத்தன்னிக்கு உன் நாகப்பன் மூணாவது எடம். எழுதிக்கோ.” உன் நாகப்பன்! நான் எழுதினேன். சின்ன வயசில் இதே கூடத்தில் என் கணக்குப் பாடத்தை அவர் திருத்தினதே கிடையாது, நேரமிருக்காது. இன்று பேனா என் கையில், கணக்கு அவர் வாயில். வெளியே கூட்டத்தின் இரைச்சல். எனக்கு வேறெங்கும் போக வேண்டியிருக்கவில்லை.

12 பிப்ரவரி, ஞாயிறு

மழைக்குப் பிந்திய ஜாடிகள் முழுவதையும் புது இடங்களில் போட்டுப் பார்த்தேன். குழப்பமாக இருந்த எண்கள் வரிசையில் வந்து நிற்கின்றன. பொடிசெல்லாம் உள்ளே, வடக்கே. முகத்துவாரத்தை நெருங்க நெருங்கப் பெரிசு. வளர்ந்ததும் கடலுக்குக் கிளம்புகிறது. ஒரு வருஷமாகக் கண்ணெதிரே இருந்திருக்கிறது!

மழைக்கு முந்தியவை அந்தரத்தில். அதில் அப்பாவுக்கு மனத்தாங்கல். “எங்கேர்ந்து மறுபடி ஆரம்பிச்சான்னு தெரியாம எப்படிடா எண்றது?” சாப்பிடும்போதும் அதே. எளாவூரில் இருக்கிற தலைவருக்குக் கார்டு போடலாம் என்றேன். படிக்கத் தெரிந்தவர் இல்லையே என்று நானே பதிலும் சொன்னேன்.

20 பிப்ரவரி, திங்கள். சென்னை

புழுக்கம். பஸ்ஸில் செருப்பு வார் அறுந்தது.

புரொபசர் அறிக்கை முழுவதையும் படித்தார். அவர் மேஜையில் அதே பழைய மை ஒற்றும் கட்டை. நான் மாணவனாக இருந்தபோது அதை உருட்டிக்கொண்டேதான் கேள்வி கேட்பார். இன்றும் உருட்டினார்.

“ரிசல்ட் நல்லாருக்கு. இந்தத் தப்புக் கதையைக் கடைசியிலே அனுபந்தமாப் போடுங்கோ. சின்ன எழுத்திலே. கமிட்டியிலே பாதிப் பேர் முதல் பக்கம்தான் படிப்பா.”

“அதனால்தான் சார் முதல் பக்கத்தில் போட்டேன்.”

கட்டை நின்றது. “இரண்டாம் வருஷம் கஷ்டம்” என்றார். “நான் பேசுவேன். ஆனா கஷ்டம்.” பிறகு தேதிச் சீட்டைப் பற்றிச் சொன்னேன். புத்தகத்தை வாங்கித் தன் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தார். “எனக்கும் இரண்டாம் வருஷம் தரலை” என்றார்.

29 பிப்ரவரி, புதன்

அறிக்கை கொடுத்தாயிற்று. மூன்று பிரதி. முதல் பக்கம் முதல் பக்கமாகவே. ரசீதில் குமாஸ்தா என் இனிஷியலைத் தப்பாக எழுதினார், திருத்தச் சொல்லவில்லை. பசி. ஓட்டலில் இரண்டு தோசை.

10 மார்ச், சனி. திருவள்ளூர்

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. தெருவில் நுங்கு.

பதினோரு மணித் தபாலில் பல்கலைக்கழகத்துக் கடிதம். முதல் ஆண்டு வேலையின் பெரும்பகுதி சரிபார்க்க முடியாத நிலையில் இருப்பதால் இரண்டாம் ஆண்டுக்கு உதவி நீட்டிக்க இயலவில்லை. உண்மையை வெளிப்படையாகத் தெரிவித்ததைக் கமிட்டி பாராட்டுகிறது. மைக்ராஸ்கோப்பை மாதக் கடைசிக்குள் ஒப்படைக்கவும்.

இரண்டு தடவை படித்தேன். அவர்கள் சொல்வதில் தப்பில்லை. இருந்தும் பாராட்டுகிறது என்ற சொல்லின்மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பழவேற்காட்டுக் காலை வேளைகள், பூநாரைக் கூட்டம் தரையிறங்கும்போது ஏரியின் ஒரு ஓரம் வெளுப்பது, காதர் பாயின் செருப்புச் சத்தம் மாடிப்படியில். எல்லாவற்றையும் நாலு வரியில் முடித்துவிட்டார்கள்.

கூடத்தில் அப்பா. கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டார். எழுந்து போய்ப் பஞ்சாங்கத்தையும் என் காகிதக் கட்டையும் எடுத்து வந்தார். திருப்பிக் கொடுக்கப் போகிறார் என்று கை நீட்டினேன். கொடுக்காமல் மடியில் வைத்து, ஐப்பசிப் பக்கத்தைப் புரட்டினார்.

“மாசி முடியப் போறதே. எளாவூர் போனவர் வந்துட்டாரா?”

“தெரியாது. இனிமேல் எதற்கு அப்பா? அதுதான் இல்லை என்று எழுதிவிட்டார்களே.”

“அவா எழுதினது இருக்கட்டும். மழைக்கப்புறம் யார் முறைன்னு கேட்டியா?”

“இல்லை.”

“பின்னே? இன்னும் முடியலையேடா” என்றார்.