சொல்லிவிட்டுப் போ

இன்று காலை சாக்கை அலசலாம் என்று எடுத்தேன். குப்பென்று முகத்தில் அடித்தது அந்த வாடை. நாய்க்குட்டி மூத்திரம் ஊறிய சாக்கு. மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியவள், அதைக் கையில் வைத்துக்கொண்டு குழாயடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நம் ஜிம்மி வந்த புதிதில் சாரத்தில் நாம் வாடகைக்கு எடுத்த இந்த வீடு முழுக்க இதே வாடைதான். "ஊதுவத்தி கொளுத்துனா போயிடும்டி, மூஞ்சிய சுளிக்காத" என்பாய்.

ஆமாம், இன்னொரு குட்டி வந்திருக்கிறது. சிரிக்காதே. இனி இந்த வாசலில் நாய் என்ற பேச்சே கூடாது என்று சொன்னவள்தான் நான். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், நாம் இரண்டு பேரும் வேலை பார்த்த அதே கம்பெனியின் கேன்டீனுக்குப் பின்னால் மழையில் நடுங்கிக்கொண்டு கிடந்தது. சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வேறு என்ன செய்யச் சொல்கிறாய்?

தின்கிறது, தூங்குகிறது, என் செருப்பைக் கடித்துக் குதறுகிறது. அதெல்லாம் போகட்டும். நான் வேலைக்குக் கிளம்பிப் போனதும் ஊளையிட ஆரம்பித்தால், பொழுது சாய்ந்து நான் திரும்பும்வரை நிறுத்துவதில்லையாம். மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா இறங்கி வந்துவிட்டார். "ஏம்மா, வெளக்கு வைக்கிற நேரத்துல நாய் ஊளை வுட்டா வூட்டுக்கு ஆவுமா? ஞாயித்துக்கெழமைக்குள்ள அடங்கலன்னா யாருக்காச்சும் குடுத்துடு." சரிங்கக்கா என்று தலையாட்டினேன். இந்தக் குட்டியை யாரிடம் கொடுப்பது? திரும்பவும் மழையில்தான் விட வேண்டும்.

ஏன் ஊளையிடுகிறது என்று எனக்குத் தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல். நான் அதனிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்க்கொண்டிருந்தேன். கிண்ணத்தில் பால்சோறு வைத்து, அது தலையைக் கவிழ்த்ததும் பின்கதவு வழியாகப் பூனை மாதிரி நழுவிவிடுவேன்.

ஜிம்மிக்கும் முதலில் இதைத்தான் செய்தேன், நினைவிருக்கிறதா? நீ முதல் ஷிப்ட், நான் இரண்டாம் ஷிப்ட். நடுவில் வீடு பூட்டிக் கிடக்கும் கொஞ்ச நேரத்துக்கே அது தொண்டை வறள அழுதது. தெரிந்ததும் என்னைப் பிடித்து உலுக்கினாய். "திருட்டுத்தனமா போவாதடி. சொல்லிட்டுப் போ. அதுக்கும் காது இருக்குது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தவள், சேலையைக்கூட மாற்றாமல் பாடம் ஆரம்பித்தாய். கிரில் கதவருகே குனிந்து "போயிட்டு வரேன்டா" என்பாய். தெருக்குழாய் வரை போய்த் திரும்புவாய். மறுபடி "போயிட்டு வரேன்டா." இந்த முறை பெட்டிக்கடை வரை. அப்புறம் தெருமுனை. ஒவ்வொரு தடவையும் சொன்னபடி வந்து நின்றாய். எதிர்வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

"பைத்தியமாடி நீ?" என்றேன்.

"ஏன், நாம மனுசங்க கிட்ட சொல்லிட்டுப் போறதில்ல? 'வரேன்'னு சேக்காம வெறும 'போறேன்'னு சொன்னா வீட்ல திட்டுவாங்கல்ல? அது மாதிரிதான்" என்றாய்.

சில நாளில் ஜிம்மி அடங்கிவிட்டது. அந்தச் சொல்லைக் கேட்டால் போதும், சாக்கில் போய்ச் சுருண்டு படுத்துக்கொள்ளும். இரண்டு பேரில் ஒருத்தி கட்டாயம் வருவாள் என்று அதற்கு நம்பிக்கை.

வயிற்றுவலியில் துடித்த உன்னை ஆட்டோவில் ஏற்றினேனே, அன்றும் நீ மறக்கவில்லை. ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி கிரில் பக்கம் குனிந்து, "போயிட்டு வரேன்டா ஜிம்மி, அடம் புடிக்காம சாப்புடு" என்றாய். ஆஸ்பத்திரியிலிருந்து உன் அண்ணன் உன்னை நேராக உங்கள் ஊர்க் கல்லறைக்குக் கொண்டுபோய்விட்டார். நம் வாசலுக்கு நீ வரவேயில்லை. நானாவது கடைசியாக உன் முகத்தைப் பார்த்தேன். ஜிம்மிக்கு யார் சொல்வது? தெருவில் ஆட்டோ சத்தம் கேட்டால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும். யாரோ இறங்குவார்கள். திரும்பி வந்து படுக்கும். கிழடாகிக் கண் மங்கிய பிறகும், சாகும்வரை, அந்தச் சத்தத்துக்கு எழுந்து நின்றது. அதைப் பார்க்கும்போதெல்லாம் உன்மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவி, சொல்லாமலாவது போயிருக்கலாமே!

அதனால்தான் இந்தக் குட்டியிடம் அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. ஆனால் வீட்டுக்காரம்மா நாள் குறித்துவிட்டாரே. லீவு போட்டேன். கிரில் பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். குட்டி என் வாயையே பார்த்தது. அழுதுகொண்டேதான் சொன்னேன். குழாய் வரை போய் வந்தேன். பிறகு பெட்டிக்கடை. "இன்னாம்மா, சும்மா சும்மா வந்து போற? ஏதாச்சும் வாங்கேன்" என்றார் கடைக்காரர்.

நேற்று அதனிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் வண்டியை நிறுத்தும்போதே மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். "இன்னிக்கு சத்தமே இல்லியே, குடுத்துட்டியா?"

"இல்லக்கா, இங்கதான் இருக்குது" என்றேன். சாக்கிலிருந்து எழுந்து, தூக்கக் கலக்கத்தோடு வாலை ஆட்டிக்கொண்டு வந்தது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ போன பிறகு, எனக்கு என்ன ஆனால் என்ன என்றுதான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். நேற்று திரும்பும் வழியில் ஒரு லாரி உரசுகிற மாதிரி போயிற்று. சொல்லிவிட்டு வந்திருக்கிறேனே, வீட்டுக்கு வந்துவிட வேண்டுமே என்று நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உனக்கும் இப்படித்தானே அடித்துக்கொண்டிருக்கும்? எங்களிடம் வர எப்படித் தவித்திருப்பாய்! வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, போகிற வருகிறவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன். இத்தனை நாளும் கோபப்பட்டே காலத்தை ஓட்டிவிட்டேன். இப்போது அதுவும் இல்லை. நீ இல்லாததுதான் இருக்கிறது.