பதின்மூன்று பல் சக்கரம்

14 ஜூலை 1998, செவ்வாய். சித்தூர்.

மாலதியின் இடக்கைக்கு மாவுக்கட்டுப் போட்டாகிவிட்டது. காணிப்பாக்கம் சாலையில் மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளைக் கிளப்பிய வேகத்தில், பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்த என் மகள் கீழே விழுந்தாள்.

"புடிச்சிக்கினு குந்துன்னு சொன்னேன் மாமா, கேட்டாதானே?" என்றார். வண்டியை இங்கே விட்டுவிட்டு பஸ்ஸில் டூட்டிக்குப் போய்விட்டார்.

கிளட்ச் பழுதாக இருக்கலாம் என்றெண்ணி மாலையில் மெக்கானிக்கிடம் கொண்டுசென்றேன்.

"கிளட்ச் நல்லாத்தான் சார் கீது. செயின் ஓடுற முன் பல் சக்கரம், ஸ்ப்ராக்கெட்டு, அதுல ஒரு பல்லு கம்மி பண்ணச் சொன்னாரு உங்க மாப்பிள்ள. பதிமூணு பல்லு மாட்டினா பிக்கப் பிச்சிக்கினு போவும். பொம்பளைங்க குந்துற வண்டின்னு ஒரு வார்த்த சொல்லல."

பழையதையே மாட்டச் சொன்னேன். பதினான்கு பற்களையும் நானே எண்ணிச் சரிபார்த்தேன். கழற்றிய பதின்மூன்று பல் சக்கரத்தைக் காகிதத்தில் சுற்றி எடுத்துவந்தேன்.

மாலதி அதைப் பார்த்துவிட்டாள். கை வலிக்கிறது என்று காலையிலிருந்து ஒருமுறைகூடச் சொல்லாதவள், இப்போது அழுதாள்.

"அவரு நாளிக்கி என்ன கூட்டிக்கினு போவ வருவாரு. அத திருப்பி மாட்டிடு நைனா. நான் கெட்டியா புடிச்சிக்கிறேன்."

எந்தக் கையால் என்று நான் கேட்கவில்லை. சக்கரத்தை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். மாப்பிள்ளை வரட்டும். வண்டியை எடுத்துக்கொண்டு போகட்டும். மாலதி இங்கேயே இருக்கட்டும்.