கோழிக்குப் போன மாத்திரை

அம்மா,

கேழ்வரகுக் கூழ் அடுப்பின் மேல் இருக்கிறது. மோர் ஊற்றிக் குடித்துவிட்டு வாசல் வெயிலில் கொஞ்ச நேரம் உட்கார். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு ஜாய்ஸ் அத்தையிடம் கொடுத்துவிடு.

நேற்று அத்தை எதிரிலேயே உன்னைப் பார்த்துக் கத்திவிட்டேன். மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பு மெலிந்துபோகும், அதனால்தான் லேசாக வழுக்கியதற்கே உன் மணிக்கட்டு முறிந்தது என்று செங்கல்பட்டு டாக்டர் சொன்னார். அவர் கொடுத்த கால்சியம் மாத்திரையை நீ பொடித்துக் கோழித் தவிட்டில் கலந்துகொண்டிருந்தாய்.

"உனக்கு இன்னா பைத்தியமா? இன்னொரு கையும் ஒடிஞ்சா யாரு பாக்கறது?" என்றேன்.

நீ நிமிரவே இல்லை. "கோழி ஓடே இல்லாம தோல்முட்டையா வுட்டுகினு இருந்துச்சி. இத நிறுத்துனா நீ இன்னாத்த துன்னுவ?" என்றாய்.

எனக்கு ரத்தம் குறைவென்று, நான் பள்ளியை விட்ட நாளிலிருந்து தினமும் ஒரு முட்டை அவித்துத் தருகிறாய். இப்போதெல்லாம் ஓடு நல்ல கெட்டி என்று போன வாரம்கூடச் சொல்லிச் சிரித்தேன். உன் எலும்புக்கு வந்தது என் முட்டையில் ஓடாயிருக்கிறது. அதைத்தான் உரித்துக் குப்பையில் போட்டிருக்கிறேன். காலையில் உன் முகத்தைப் பார்க்க முடியாமல் சொல்லாமலே கிளம்பிவிட்டேன்.

முட்டுக்காட்டு உப்பங்கழியில் கிளிஞ்சல் பொறுக்கப் போகிறேன். இடித்துப் போட்டால் கோழிக்கு அது போதுமாம், அத்தை சொன்னார்கள். மாத்திரையை இனி நீ சாப்பிடு.

மெர்லின்

கிண்ணத்தால் மூடியிருப்பது இன்றைய முட்டை. உரித்துவிட்டேன். பாதி எனக்கென்று எடுத்து வைக்காதே.